துபாஷின் தினப்படி

உத்தியோகம் பார்த்து வீடு திரும்பினால் உடம்பில் உயிர் இருப்பதே பெரிது. இதில் நாள்தோறும் எழுதுவது எங்கே என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் குறைவு. அப்படி அலுப்புத் தட்டும்போதெல்லாம் எனக்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நினைவு வரும்.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர் பிள்ளை. 1736 செப்டம்பரில், இருபத்தேழாம் வயதில், தினப்படி சேதிகளைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். இடையிடையே விட்டுப்போன நாட்கள் உண்டு. என்றாலும் 1761 ஜனவரியில் அவர் கண் மூடும் வரையில் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

அவர் பார்த்த வேலை லேசுப்பட்டதா? கவர்னர் துய்ப்ளெக்ஸுக்கு அவர் துபாஷ். துபாஷ் என்றால் மொழி பெயர்த்துச் சொல்லுகிறவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கும்பினிக்குத் துணி சேகரித்துத் தரும் வர்த்தகர்களோடு பேரம் பேசவேண்டும்; நவாபுகளின் தூதர்களை உபசரிக்கவேண்டும்; வந்த கடிதத்துக்குப் பொருள் சொல்லி, போகிற கடிதத்துக்கு வாசகம் அமைக்கவேண்டும். கவர்னரிடமிருந்து எந்த வேளையில் ஆள் வரும் என்று சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் மேலே சொந்த வியாபாரம் வேறு!

பிறகு எப்படி எழுதினார்? இலக்கியம் செய்யவேண்டும் என்று அவர் ஓய்வுக்குக் காத்திருக்கவில்லை. வருஷம், மாதம், தேதி, கிழமை. அப்புறம் இன்னார் வந்தார், இன்னது கேட்டார், நான் இன்னது சொன்னேன், அவ்வளவுதான். வாயில் வந்த தமிழ். நடுநடுவே 'முசே'யும் 'கோன்சேலு'ம். எழுத்துக்கு இடையூறு என்று நாம் நொந்துகொள்ளும் உத்தியோகமே அவருக்கு எழுத்தின் சரக்காகிவிட்டது.

உத்தியோகம் அடைத்த வாய்க்கும் அந்த ஏடுதான் வழி. 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கவர்னரின் வலது கை என்று ஊர் நினைத்த மனிதரால் அதைத் தடுக்க இயலவில்லை. நடந்ததை வேதனையோடு எழுதிவைத்தார். அதே கவர்னரிடம் சேவகத்தையும் தொடர்ந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை எடைபோடவேண்டும். கோழை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தாம் வெட்கப்படத்தக்க நாளையும் ஏட்டிலிருந்து நீக்காமல் விட்டவர் அவர்.

1754-ல் துய்ப்ளெக்ஸ் பிரான்சுக்குத் திரும்பினார். 1756-ல் பிள்ளையின் பதவியும் போயிற்று. உடம்பும் தளர்ந்தது. அவர் இறந்த சில நாட்களுக்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பிறகு நகரையே இடித்துத் தள்ளினார்கள். அவர் பேசி முடித்த பேரங்கள் எல்லாம் அத்தோடு மண்ணாயின.

தினப்படி மட்டும் பிழைத்தது. அவருக்குப் பின் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளையும் எழுதினார். 1846-ல் அந்த ஏடுகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் வெளியாயின. துய்ப்ளெக்ஸின் தர்பாரில் என்ன பேசினார்கள் என்று அறிய விரும்பும் சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் அந்தத் துபாஷின் வாசலில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது.