கொப்பூழ்க் கொடியின் குருதி

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த பழம்பதிகளுள் பழுகாமமும் ஒன்று. திரௌபதை அம்மன் ஆலயத்தால் பெயர் பெற்ற அவ்வூரிலும் அயலூர்களிலும் ஒருவரின் குடி தாய்வழியாகவே அறியப்படும். குடியின் கிளையை 'வயிற்றுவார்' என வழங்குவது மட்டக்களப்பு மரபு. உறவைத் தாயின் வயிற்றைக் கொண்டே எண்ணிய அம்மக்களுக்குக் கொப்பூழ்க் கொடியின் பெருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், பிள்ளை பிறந்தபின் அக்கொடி அறுத்துப் புதைக்கப்படும் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. அதனுள் எஞ்சிய குருதி உயிர் காக்கும் என்பதை உலகம் உணர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

கொடியினுள் மூன்று குழாய்கள் உள. நாளம் ஒன்று, தாயிடமிருந்து பெறும் ஒட்சிசனைச் சேய்க்குக் கொண்டு செல்கிறது. நாடிகள் இரண்டு, சேயின் கழிவைத் திரும்பக் கொணர்கின்றன. ஆகவே பிறக்கும் வேளையில் பிள்ளை மூச்சுக்குத் தவித்ததா என்பதற்கு நாடிக் குருதியே சான்று. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, நோயாளரின் குருதியிலுள்ள அமிலத்தையும் வாயுக்களையும் விரைந்து அளக்கும் தேவை எழுந்தது. அத்துறையில் உழைத்தவர் பவுல் ஆஸ்ட்ரப். 1958இல் நியூயோர்க்கில் ஸ்டான்லி ஜேம்சும் வெர்ஜீனியா அப்காரும் பிறரும் கொடிக் குருதியின் அமிலநிலையைப் பிறப்புக்கால மூச்சுத்திணறலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். நாடிக் குருதியின் அமிலகார அளவு 7.0க்குக் கீழே சென்றால் சேய் பெரிதும் இடருற்றது என்று இன்று மருத்துவர் கொள்வர்.

இதனினும் பெரிய வியப்பு, எலும்பு மச்சையிற் போலவே கொடிக் குருதியிலும் குருதியை ஆக்கும் மூல உயிரணுக்கள் உண்டு என்பது. பான்கோனி இரத்தச்சோகை என்னும் கொடிய பரம்பரை நோயுற்ற ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேர்த்த கொடிக் குருதி 1988ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாரிசு நகரிற் செலுத்தப்பட்டது. அதனை உறைய வைத்துக் காத்தவர் ஹால் புரொக்ஸ்மையர். சிகிச்சையை நடத்தியவர் எலியான் குளூக்மன் அம்மையார். சிறுவன் பிழைத்தான். பின்னர் 1990களின் தொடக்கத்தில் நியூயோர்க் இரத்த நிலையம் பொதுக் கொடிக்குருதி வங்கியை அமைத்தது. அத்தகைய வங்கிகளில் குருதி, திரவ நைதரசனின் துணைகொண்டு பூச்சியத்திற்குக் கீழே 196 பாகை வரையான குளிரிற் பேணப்படும்.

தமிழ்நாட்டில் 2004இல் சென்னையில் தனியார் வங்கி தோன்றியது. பெற்றோர் பலர், தம் பிள்ளைக்கு இது ஆயுட்காப்பு என நம்பிப் பணம் செலுத்தினர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். தலசீமியாவோடு பிறந்த பிள்ளையின் கொடிக் குருதியிலும் அதே குறை இருக்குமாதலால், அது அப்பிள்ளைக்கே மருந்தாகாது. பொருந்துமாயின் உடன்பிறப்பின் குருதியே உதவும்; பொருந்தும் வாய்ப்போ நான்கில் ஒன்று. தனக்கெனச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றும், மூத்த பிள்ளைக்கு இவ்வணுக்களால் தீரக்கூடிய நோய் இருப்பின் சேமிப்பது தகும் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வழிகாட்டியது.

இலங்கையிலும் தலசீமியா புதிய நோயன்று. அதற்கெனக் குருநாகலில் தனி நிலையம் உண்டு. மாதந்தோறும் பிறர் குருதியை ஏற்று வாழும் பிள்ளையின் வீட்டில் மறுபிள்ளை பிறக்குமாயின், கொடியை எறியுமுன் மருத்துவரை வினவுதல் நன்று. எனினும் முதல் உரிமை பிறந்த சேய்க்கே. பிறந்து ஒரு நிமிடமேனும் கழியுமுன் கொடியை இறுக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஏனெனில் அந்நேரத்திற் பாயும் குருதி பிள்ளையின் இரும்புச்சத்தை வளர்க்கும். வங்கியின் பையை நிரப்புவதற்காக அதனைப் பறித்தல் அறமன்று.

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்குப் பேறுகாலத்திற் செல்லும் தாய், உறவுகள் யாவற்றுக்கும் மூலமான கொடியையும் உடன் கொண்டு செல்கிறாள். அது முதலிற் பிறந்த பிள்ளைக்கு; எஞ்சியது, தேவையுற்ற மற்றொரு பிள்ளைக்கு. இம்முறை பிறழாதிருப்பின், வயிற்றுவார் என்னும் சொல் தன் குடியைத் தாண்டியும் பொருள் பெறும்.