உதகையில் எழுதிய விதிகள்

விளையாட்டுக்கு விதியே உயிர். பந்தும் கோலும் எவர் கைக்கும் கிட்டும். ஆடும் இருவரும் ஒப்பும் விதி இல்லையேல் ஆட்டம் பூசலில் போய் முடியும். நம் குடியிருப்பில் கேரம் பலகையைச் சுற்றி அமர்ந்தோர் அனைவரும் இதனை நன்கறிவர். திருநெல்வேலியிலிருந்து வந்தவர் ஒரு வழக்கம் உரைப்பார்; தஞ்சையிலிருந்து வந்தவர் வேறொன்று உரைப்பார்; வாதம் ஓயும்வரை சிவப்புக் காய் நடுவே காத்துக் கிடக்கும்.

இந்நாளில் நம் இளைஞர் பலர் பூல் மேசையை நாடிச் செல்கின்றனர். பெரியோர் சிலரோ அவ்விடத்தை வீணர் கூடும் இடமென்று ஐயுறுகின்றனர். மேசைப் பந்தாட்டங்களின் வரலாற்றையும் விதிகளையும் இருசாராரும் அறிவாராயின் அவ்வையம் பெரிதும் நீங்கும் என்பது எம் கருத்து. அன்றியும், அவ்வரலாற்றில் நாம் பிறந்த தமிழ்நாட்டிற்கும், நாம் வாழும் புனே நகருக்கும் சிறந்த பங்குண்டு.

1875ஆம் ஆண்டு மழைக்காலம். ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் வெளியே செல்ல வழியின்றி பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றிப் பொழுது போக்கினர். பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடும் 'பிரமிட்' ஆட்டமும், கரும்பந்து ஒன்று சேர்ந்த பூல் ஆட்டமும் அவர்களிடையே வழங்கின. நெவில் பிரான்சிஸ் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி, இவற்றை ஒன்றாக்கி வேறு நிறப் பந்துகளையும் சேர்த்தால் என்னவென்று எண்ணினார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறு, இவர் வேறு.

பெயர் வந்த கதை சுவையானது. உல்விச் இராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவரை 'ஸ்னூக்கர்' என்று ஏளனமாக அழைப்பதுண்டு. எளிய பந்தொன்றைத் தவறவிட்ட நண்பரைச் சேம்பர்லின் அப்பெயரால் கேலி செய்தார். நண்பர் மனம் வருந்தாதிருக்க, இப்புதிய ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம் என்று சொல்லிச் சமாதானம் செய்தார். அப்பெயரே ஆட்டத்திற்கு நிலைத்துவிட்டது.

பெயர் கிடைத்தும் விதிகள் வாய்மொழியாகவே உலவின. ஆப்கானியப் போரில் காயமுற்ற சேம்பர்லின், பின்னர் சென்னைப் படையின் தலைமைத் தளபதி பிரெடரிக் இராபர்ட்சின் கீழ்ப் பணியாற்ற வந்தார். கோடைதோறும் சென்னை அரசு உதகமண்டலத்திற்கு ஏறிவிடும். பெங்களூர், செகந்தராபாத் படைமுகாம்களின் அதிகாரிகளும், மைசூர்த் தோட்டக்காரர்களும் அங்கே வந்து கூடுவர். பல ஊரார் ஒரு மேசையில் ஆடும்போது பொதுவிதி வேண்டுமன்றோ? 1882இல் ஸ்னூக்கரின் விதிகள் எழுதப்பெற்று உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் தொங்கவிடப்பட்டன. இன்று உலகெங்கும் ஆடும் ஓர் ஆட்டம் விதிகளோடு வடிவு பெற்றது நம் நீலகிரியிலேயாம்!

1885இல் இந்தியாவுக்கு வந்த பில்லியர்ட்ஸ் வல்லுநர் ஜான் இராபர்ட்ஸ், கல்கத்தாவில் சேம்பர்லினைக் கண்டு விதிகளைக் கேட்டறிந்தார். 1919இல் இங்கிலாந்தில் அவை ஒழுங்கு செய்யப்பெற்றன. ஆட்டத்தின் பிறப்பைப் பற்றி ஐயம் எழுந்தபோது, 1938இல் முதிய சேம்பர்லினே 'தி பீல்டு' இதழுக்குக் கடிதம் எழுதி உண்மையை உரைத்தார்.

இனி, நம் இளைஞர் விரும்பும் எட்டாம் பந்தாட்டத்திற்கு வருவோம். இது 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் வளர்ந்தது. பதினைந்து பந்துகளின் முக்கோண அடுக்கு இதற்கும் ஸ்னூக்கருக்கும் பொது. கேரம் அறிந்தோர்க்கு இதன் விதி எளிதில் விளங்கும். 1 முதல் 7 வரை எண்ணிட்ட முழுநிறப் பந்துகள் ஓர் அணி. 9 முதல் 15 வரை பட்டைப் பந்துகள் மற்றோர் அணி. எட்டாம் எண் கரும்பந்து முக்கோணத்தின் நடுவில் நிற்கும். தொடக்க அடிக்குப் பின் முறைப்படி முதலில் ஒரு பந்தைப் பையில் வீழ்த்தியவர்க்கு அப்பந்தின் அணி உரியதாகும். தம் ஏழு பந்துகளையும் வீழ்த்திய பின்னரே, இன்ன பையென்று முன்கூட்டிச் சொல்லிக் கரும்பந்தை வீழ்த்தவேண்டும்.

வெண்பந்து பையில் விழுதல், எதிரியின் பந்தை முதலில் தொடுதல், மோதிய பின் எந்தப் பந்தும் பையிலோ மேசையின் ஓரத்திலோ சேராமை ஆகியவை குற்றங்கள். அப்போது எதிரி வெண்பந்தைக் கையிலெடுத்து வேண்டிய இடத்தில் வைத்து ஆடலாம். கரும்பந்தைக் காலத்திற்கு முன் வீழ்த்தினாலும், சொல்லாத பையில் வீழ்த்தினாலும், அதனுடன் வெண்பந்தையும் வீழ்த்தினாலும் ஆட்டமே தோல்வி. தொடக்க அடியில் அது விழுந்தால் மட்டும் உலக விதிப்படி தோல்வி இல்லை. ஏழு பந்துகளை வென்றவரும் அவசரத்தால் அனைத்தையும் இழப்பர். பொறுமையைக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் எது?

புனேயின் பெருமையையும் கூறவேண்டும். 1922இல் இந்நகரில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். எந்த விளையாட்டிலும் தனியொருவராக உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1964இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். 1985இல் இதே நகரில் பிறந்த பங்கஜ் அத்வானி, 2003இல் பதினெட்டாம் வயதில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் பெற்று, பின் பில்லியர்ட்சிலும் பல பட்டங்கள் குவித்தார். நீலகிரியில் எழுதிய விதி புனேயில் பிறந்தவர்க்குப் புகழ் தந்தது.

இவ்வாட்டங்களில் போற்றத்தக்க மரபொன்று உண்டு. கோல் நுனி பந்தைத் தவறுதலாகத் தீண்டினால், எவரும் காணாவிடினும், ஆடுபவரே குற்றத்தை உரைத்து ஒதுங்கவேண்டும். நடுவரில்லாச் சிறு மேசையில் இதுவே ஆட்டத்தைக் காக்கும் அறம். அவ்வறத்தைப் பயிலும் இளைஞனை வீணன் என்பது எங்ஙனம் தகும்?

ஆகவே, பெற்றோர் ஒருநாள் பிள்ளைகளுடன் சென்று ஆட்டத்தைக் கண்டு வருவாராக. இளைஞரும் படிப்பிற்குரிய நேரத்தை மேசைக்குக் கொடாது, இடமும் துணையும் தேர்ந்து ஆடுவாராக. எட்டாம் பந்தில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடும். ஆதலின் தொடங்குமுன் எவ்விதியென்று இருவரும் பேசிக்கொள்க. பல ஊர்களிலிருந்து வந்து ஒரு சங்கமாய்க் கூடியிருக்கும் நமக்கு அது புதிதன்று. இயன்றால் உதகையில் செய்தது போல் எழுதியும் தொங்கவிடுக. கேரம் பலகைக்கும் அது பொருந்தும்.