பெலாபுவான் கிள்ளான் ரயில் நிலையம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், தஞ்சோங் மாலிமிலிருந்து கோலாலம்பூர் வழியாக வரும் கேடிஎம் கொமியூட்டர் தடம் முடியும் இடம் பெலாபுவான் கிள்ளான் நிலையம். தமிழர் பேச்சில் இது போர்ட் கிள்ளான் ஸ்டேஷன். சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று வரும் மின்சார ரயில் ஜாலான் கஸ்தாமைத் தாண்டி இங்கே நின்றுவிடும். தலைநகரிலிருந்து வந்துசேர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இறங்கிச் சிறிது நடந்தால் படகுத்துறை. கெத்தாம் தீவின் மீனவர் குடியிருப்புக்குப் படகு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

சிலாங்கூரின் முதல் ரயில் பாதை 1886 செப்டம்பரில் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கூடாவையும் இணைத்தது. வெள்ளீயத்தை ஏற்றுமதிக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். ஆற்றுக்குப் பாலம் கட்டியபின் 1890இல் பாதை கிள்ளான் நகருக்குள் வந்தது. ஆனால் கிள்ளான் ஆற்றுத்துறைக்குப் பெரிய கப்பல்கள் வர முடியவில்லை. எனவே தீவுகள் அரணாக நின்ற முகத்துவாரம்வரை பாதை நீட்டப்பட்டு, 1901 செப்டம்பர் 15 அன்று புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் நிர்வாகி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1972இல்தான் அது கிள்ளான் துறைமுகமானது.

துறைமுகம் எழுந்த இடம் கண்டல் காட்டுச் சதுப்பு. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா ஊழியர்களையும் கூலிகளையும் வீழ்த்தியது. துறைமுகத்தை மூடிவிடும் அளவுக்கு நிலைமை போனது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அறிவை நம்பி, கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டவும், கரை எழுப்பவும், வடிகால் தோண்டவும் ஏற்பாடு செய்தார். 1901இல் துறைமுகப் பகுதியிலிருந்து மலேரியாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 188 பேர். 1904இல் 4 பேர். வடிகால் எட்டாத சுற்றுப்புறத்திலோ அதே காலத்தில் எண்ணிக்கை 197இலிருந்து 266ஆக ஏறியது. உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற வெற்றி இது. வாட்சனின் பெயர் நூல்களில் இருக்கிறது. சேற்றில் இறங்கி வடிகால் வெட்டியவர்களின் பெயர்களும் அவற்றில் இருந்திருக்க வேண்டும்.

தமிழர் வரலாற்றில் இந்த நிலையத்துக்குள்ள இடம் இன்னும் பெரியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கைத் தொட்டபின் அடுத்து இறங்கிய துறை இதுவே. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் இந்த வழியில் சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. தோட்ட வேலைக்கு வந்தவர்கள் முதலில் தொற்றுத்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, பிறகே ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். கங்காணி முறையில் நடந்த ஆள்சேர்ப்பை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை இந்த வரவு தொடர்ந்தது. இன்று கடைசி நிறுத்தம் என்று அறிவிக்கப்படும் இடம், சிலாங்கூர்த் தோட்டத் தமிழர் பலரின் முன்னோருக்கு மலாயாவின் முதல் மண்.

ரயில்வேயும் தமிழர் உழைப்பில் ஓடியது. தண்டவாளப் பராமரிப்பில் தமிழகத் தொழிலாளரும், எழுத்தர், நிலைய அதிகாரி பணிகளில் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுந்திருந்தனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பகுதியானதற்கு அங்கிருந்த ரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் முக்கியக் காரணம். அங்கிருந்த ரயில்வே நிலத்தில்தான் 2001இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது.

இன்று பெருங்கப்பல்கள் வடக்குத் துறைமுகத்துக்கும், 1990களில் இண்டா தீவில் எழுந்த மேற்குத் துறைமுகத்துக்கும் நகர்ந்துவிட்டன. சரக்கு ரயில்களும் கிளைப் பாதைகளில் அங்கே போகின்றன. பயணிகள் நிலையம் பழைய தென்துறைமுகத்தருகே தங்கிவிட்டது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து சென்று முடிந்த போர்ட் வெல்டில் இன்று தண்டவாளமே இல்லை. தமிழும் எழுதப்பட்ட பழைய பெயர்ப்பலகை மிஞ்சியிருக்கிறது. அதே காலத்துத் துறைமுகப் பாதையான கிள்ளான் பாதையிலோ 1995இல் தொடங்கிய கொமியூட்டர் சேவை இன்றும் ஓடுகிறது.

2010இல் பத்துமலைக்குத் தடம் நீண்டபோது, கிள்ளான் வட்டாரத் தமிழர் தைப்பூசத்துக்கு ஒரே ரயிலில் போய்வர முடிந்தது. 2015 டிசம்பரில் தடங்கள் மாற்றி அமைக்கப்பட்டு, இந்தப் பாதை தஞ்சோங் மாலிமோடு இணைக்கப்பட்டது. அதுமுதல் பத்துமலைக்குப் போகிறவர்கள் கேஎல் சென்ட்ரலிலோ அடுத்துவரும் பொது நிலையங்களிலோ ரயில் மாற வேண்டும்.