புழுக்கிய நெல்லும் காறாத தவிடும்

வேலூரிலிருந்து கண்ணமங்கலத்தைக் கடந்து ஆரணிக்குச் செல்லும் வழிப்போக்கர், வழியிலே கேட்கும் தறியோசையைக் கொண்டு இந்தச் சீமை பட்டுக்கே உரியதென்று முடிவுகட்டிவிடுவது இயல்புதான். ஆனால் அடுப்படியில் இருப்பவர்களுக்கு ஆரணி என்றதும் சேலைக்கு முன்னால் நினைவுக்கு வருவது புழுங்கலரிசி.

ஆலைகள் வருமுன் நெல் அவிப்பது வீட்டுக் காரியமாகவே இருந்தது. இரவெல்லாம் ஊறிய நெல்லை அண்டாவில் இட்டு, உமி வாய்பிளந்து ஆவி மேலெழும்வரை அவித்து, களத்தில் பரப்பிக் காலாலேயே துழாவி உலர்த்தி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பதம் பார்த்த பின்னரே உரலுக்கு அனுப்புவார்கள். நொய் விழாது, சோறு குழையாது என்பதே அவர்கள் கண்ட பிரயோஜனம்.

அவர்கள் காணாத பிரயோஜனம் ஒன்றும் அவித்தலில் உண்டு; அதை அறிய ஒரு நொதியின் கதைக்குப் போகவேண்டும். பிரான்ஸ் தேசத்து கிளாட் பெர்னார் என்ற விஞ்ஞானி, கணையநீர் கொழுப்பைக் கொழுப்பமிலமாகவும் கிளிசரினாகவும் பிளக்கிறதென்று 1848-ஆம் ஆண்டை ஒட்டி நிரூபித்தார். பிற்பாடு லைபேஸ் என்று பெயர்பெற்ற அந்த நொதிக் குடும்பத்தில், உண்ட நெய்யைக் குடலில் பிளப்பது ஒன்று, இரத்தத்தில் மிதந்துவரும் கொழுப்பைக் குழாய்ச் சுவரில் நின்று தசைகளுக்குப் பங்கிடுவது மற்றொன்று, பட்டினிக் காலத்தில் சரீரத்தின் சேமிப்பைக் கரைத்துத் தருவது இன்னொன்று என்று அங்கத்தினர் பலர். 1890-இல் ரெனால்ட்ஸ் கிரீன் முளைவிடும் ஆமணக்கு விதையிலும் இதைக் கண்டறிந்தார். விதையின் எண்ணெயைப் பிளந்து இளமுளைக்கு ஆகாரமாக்குவது அங்கே அதன் தொழில்.

நெல்லிலும் அது உண்டு. முழு மணியில் எண்ணெய் ஓரிடத்திலும் நொதி வேறோரிடத்திலுமாக, ஒரே வீட்டில் முகங்கொடுத்துப் பேசாத ஓரகத்திகளைப்போல அடங்கியிருக்கும். உலக்கை பட்டுத் தோல் கிழிந்ததும் இரண்டும் கலந்துவிடுவதால், பச்சைநெல்லின் தவிடு சில நாட்களிலேயே காறத் தொடங்கிவிடுகிறது. அவித்த நெல்லிலோ ஆவியின் உஷ்ணம் நொதியை முன்னதாகவே முடக்கிவிடுகிறபடியால், தவிட்டின் எண்ணெய் எளிதில் கெடுவதில்லை. அதுவரை மாட்டுத் தொட்டிக்கே போய்க்கொண்டிருந்த பண்டத்தைத் தவிட்டெண்ணெய் ஆலைகள் விலை கொடுத்து வாங்கத் தலைப்பட்டபோது, புழுங்கல் தவிட்டுக்குத் தனி மதிப்பு உண்டானது இதனால்தான்.

இதைக் கொண்டு நம் பாட்டிமார் நொதியை அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று. தவிட்டை நினைத்து அவர்கள் நெல் அவிக்கவில்லை. பட்டுநூலின் பசை நீங்க அதை வேகவைக்கும் நெசவாளரும் அப்படியே. அவர் கையிலுள்ள சவுக்காரம், நொதி ஓசைப்படாமல் செய்யும் அதே பிளத்தலைக் காரத்தைக் கொண்டு செய்து பெற்றது. அவருக்கு வேண்டியதோ நூல் மினுங்குவது.

பச்சைத் தவிடு வாங்குகிறவர் மட்டும் இன்றைக்கும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறார்.