வால் நீண்டது... கோபம்?

ஒரு சேவல், ஒரு லட்ச ரூபாய்! பிரியாணிக்கு இல்லை சார், சும்மா நிற்க வைத்து அழகு பார்க்க. திண்டுக்கல்லில் நடக்கும் கண்காட்சிகளில் அதைவிடக்கூட அதிகம் பேரம் பேசுவார்கள். கிளி மாதிரி வளைந்த குட்டி மூக்கு, தரையைத் தொடும் விசிறி வால். 'கிளிமூக்கு விசிறிவால்' என்று பெயர். நத்தம் பக்கம் பஞ்சாரத்துக்குள் அடையும் வீட்டுக்கோழிக்கும் இதற்கும் உறவா என்று அசந்துபோவீர்கள்!

இதன் பாட்டன் பூட்டன் எல்லாம் அசில் என்கிற சண்டைச் சேவல்கள். தமிழன் சேவலை எப்படி மதித்தான் தெரியுமா? விழுப்புரம் அருகே அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு நடுகல்லே இருக்கிறது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழசு!

சண்டைக்கு வளர்த்தவர்கள் காலையும் தைரியத்தையும் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். அழகுக்கு வளர்த்தவர்கள் மூக்கையும் வாலையும் பார்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை நீள வால்காரனையே தேர்ந்தெடுத்தால் வால் நீளாமல் என்ன செய்யும்?

அப்படியே சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போவோம். அங்கே பந்தயம் கட்டிச் சண்டைக்கு விட்டது மீன்களை! சென்னை கொளத்தூரில் பாட்டிலில் விற்கிறார்களே, அதே ஃபைட்டர் மீன். 1910-ல் டேட் ரீகன் அதற்கு வைத்த பெயர் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ். மனிதன் அதை வளர்க்க ஆரம்பித்துக் குறைந்தது ஆயிரம் வருடம் இருக்கும் என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. சண்டை மீனுக்குக் குட்டைத் துடுப்பு. அழகு மீனுக்கோ பட்டுப்புடவை முந்தானை மாதிரி நீண்ட துடுப்பு. அதைச் சுமந்துகொண்டு அதனால் வேகமாக நீந்தக்கூட முடியாது!

சரி, துடுப்பு நீண்டதும் கோபம் போய்விட்டதா? அதுதான் இல்லை. இரண்டு ஆண் மீன்களைப் பக்கத்துப் பக்கத்து பாட்டிலில் வையுங்கள். செவுளை விரித்துக்கொண்டு மோத வரும். விசிறிவால் சேவல்களையும் தனித்தனியாகத்தான் கட்டிப்போட வேண்டும். காரணம், பரிசு கொடுப்பவர்கள் வாலைத்தான் அளந்தார்கள், குணத்தை அளக்கவில்லை.

குணத்தை மாற்ற முடியாதா? முடியும். 1959-ல் ரஷ்ய விஞ்ஞானி பெல்யாயெவ் சைபீரியாவில் நரிகளை வளர்த்தார். நிறம், ரோமம் எதையும் பார்க்காமல், மனிதனிடம் சாதுவாக இருந்தவற்றை மட்டும் ஜோடி சேர்த்தார். சில தலைமுறைகளிலேயே அவை நாய்க்குட்டி மாதிரி வாலாட்டின!

விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை 1960-ம் வருடச் சட்டம் தடுக்கிறது. சட்டம் களத்தைத்தான் மூடும். ரத்தத்தில் நாம் ஊட்டிவிட்ட வெறியை என்ன செய்வது? அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, கோபத்தை அந்த ஜீவன் தலையில் கட்டிவிட்டோம். அடுத்த முறை கண்ணாடித் தொட்டிக்குள் அந்த மீன் சீறினால், 'என்ன முரட்டு மீன்!' என்று சொல்லாதீர்கள். அந்த முரட்டுத்தனத்தை வளர்த்தது நாம்தான்!