கோழியும் லாரியும்

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் என்று கதாசிரியர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. முதல் அத்தியாயத்தில் ஒருவன் தும்முவான். பதினைந்தாவது அத்தியாயத்தில் அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோகும். "இப்படியெல்லாம் உலகத்தில் நடக்குமா, ஸார்?" என்று கேட்டு எனக்கு அவ்வப்போது கடிதம் வரும். அவற்றுக்கு இதுவரை நான் தக்க பதில் எழுதியதில்லை. சென்ற மாதம் அமெரிக்க மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பதில் தானாக வந்து அகப்பட்டது. மேற்கு ஜெர்மனியில் குடும்ப ஸ்திரீகள் மலிவான கோழி வாங்கினார்கள். அதன் பலனாக ஜப்பானியர் டென்னஸி மாகாணத்தில் ஒரு லாரித் தொழிற்சாலை கட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருபது வருஷம். இதை நான் தொடர்கதையாக எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகாசிரியரும், "கொஞ்சம் நம்பும்படியாக எழுதக் கூடாதா?" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆகவே இயந்திர விவரங்களை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். 'பிக்கப்' என்பது என்ன என்று மட்டும் சொல்ல எனக்குத் தெரியும். முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரக்கூடிய ஓர் அறை. பின்னால் மூடியில்லாத தொட்டி. அவ்வளவுதான். அமெரிக்கக் குடியானவனுக்கு அது வண்டிமாடு மாதிரி. வைக்கோல் கட்டும் அதில்தான் போகும், வேலிக் கம்பியும் அதில்தான் போகும், ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குக் குடும்பமும் அதில்தான் போகும். ஃபோர்டு கம்பெனியார் 'எஃப்' வரிசை வண்டிகளை 1948-ல் வெளியிட்டார்கள். 1977-லிருந்து பல பத்தாண்டுகளுக்கு அந்தத் தேசத்தில் மிக அதிகமாக விற்ற பிக்கப் அதுதான்.

இனி கோழிக்கு வருவோம்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் கோழி வளர்ப்பு ஒரு தொழிற்சாலை வேலையாகிவிட்டது. கொட்டகைக்கு ஆயிரக்கணக்கில் அடைத்து, அளவாகத் தீனி போட்டு, நாள் கணக்குப் பார்த்து அனுப்பினார்கள். விலை மளமளவென்று இறங்கியது. அந்தக் கோழி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அங்கே அது வரையில் கோழி என்பது விசேஷ நாள் சமாசாரம். இப்போது சாதாரணக் குடும்பத்திலும் அடிக்கடி சமைக்க முடிந்தது. சாப்பிட்டவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் ஐரோப்பியப் பண்ணைக்காரர்களுக்கு வயிறு எரியாதா? 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழியின் மேல் வரியை உயர்த்தி விட்டன.

அதற்கு மேல் நடந்ததற்குப் பத்திரிகைகள் 'கோழி யுத்தம்' என்று பெயர் வைத்தன. கோழிப் பண்ணைகள் மலிந்த ஆர்க்கன்ஸா மாகாணத்தின் பிரதிநிதியான செனட்டர் ஃபுல்பிரைட், அணு ஆயுதங்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த சபையில் எழுந்து கோழியைப் பற்றிப் பேசினார். ஜெர்மன் பிரதமர் அடினார், தமக்கும் ஜனாதிபதி கென்னடிக்கும் இரண்டு வருஷமாக நடந்த கடிதப் போக்குவரத்தில் பாதி கோழியைப் பற்றித்தான் இருந்திருக்கும் என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னார். பெர்லின் சுவர் எழும்பிய காலம் அது. உலகம் அழியுமா பிழைக்குமா என்ற கேள்விக்கு நடுவிலும் பெரிய மனிதர்களுக்குக் கோழிக்கு நேரம் இருந்திருக்கிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் யாராவது உயிருக்குப் போராடும்போதும் பால்காரன் கணக்கைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்?

சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் நடுவர்கள் அமெரிக்காவுக்கு ஏற்பட்ட நஷ்டம் 2 கோடியே 60 லட்சம் டாலர் என்று 1963 நவம்பரில் தீர்மானித்தார்கள். அதே நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னால் வந்த லிண்டன் ஜான்ஸன், பதவியேற்று இரண்டு வாரம் ஆவதற்குள், டிசம்பர் 4-ஆம் தேதி ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்ற ஒரு வகைப் பசை, பிராந்தி, சிறு லாரிகள் இந்த நான்கின் மேலும் வரி. லாரிக்கு நூற்றுக்கு 25 வீதம்.

மாவும் பசையும் பிராந்தியும் சரி. லாரி எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியார் சிறிய பிக்கப்புகளையும் வேன்களையும் அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வால்ட்டர் ரூதருக்கு அது பிடிக்கவில்லை. ஜான்ஸனுக்கோ, 1964 தேர்தலில் வேலைநிறுத்தம் இல்லாமல் இருக்க வேண்டும். கறுப்பு மக்களின் உரிமைக்கான முயற்சிக்கு ரூதருடைய துணையும் வேண்டும். இருவரும் பேசிக்கொண்டதைக் காட்டும் வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகள் பிற்காலத்தில் வெளிவந்தன. ஆக, கோழிக்குக் கிடைத்த அடிக்கு லாரியை அடித்தார்கள். அடி வாங்க வேண்டியவன் ஜெர்மன்காரன். அடியும் வாங்கினான். ஒரே வருஷத்தில் ஜெர்மன் லாரிகளின் வரவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஜப்பானியரை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எடுப்பதற்கு என்ன இருந்தது? டொயோட்டா கம்பெனியாரின் 'டொயோபெட் கிரௌன்' என்ற கார் அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் வேகமாகவும் போக முடியாமல், மேடும் ஏற முடியாமல் அவமானப்பட்டுத் திரும்பிவிட்டது. நிஸ்ஸான் கம்பெனியார் 'டாட்ஸன்' என்ற பெயரில் கார்களோடு ஒரு குட்டி பிக்கப்பையும் அனுப்பியிருந்தார்கள். 1960-ல் அமெரிக்காவுக்கு வந்து அந்தக் கம்பெனியின் மேற்குக் கரை வியாபாரத்தைக் கட்டி எழுப்பியவர் யுதாகா காதாயாமா. (இவர் 105 வயது வரை இருந்து 2015-ல் காலமானார். வாழ்க்கையே ஒரு நாவலுக்குப் போதும். அதை வேறொரு சமயம் பார்க்கலாம்.) கார்கள் தடுமாறிய அந்த ஆரம்ப வருஷங்களில் கடையைக் காப்பாற்றிக் கொடுத்தது குட்டி பிக்கப்தான். பெரிய அமெரிக்க வண்டி வாங்கப் பணமில்லாத சிறு விவசாயி, தோட்டக்காரன், குழாய் ரிப்பேர்க்காரன் முதலியோருக்கு அது வாய்த்தது. டெட்ராய்ட் முதலாளிகள் இதைப் பார்த்துப் பயப்படவில்லை. பொம்மை என்று நினைத்தார்கள்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அந்தப் பொம்மைக்கு மவுசு வந்துவிட்டது. ஆனால் நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், டெட்ராய்ட்டுக்காரர்கள் அதற்கு முன்பே செய்திருந்த ஏற்பாடு. சொந்தமாகச் சிறு வண்டி செய்யச் சோம்பல்பட்டு, ஜப்பானியரிடமே வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1972-ல் கொண்டுவந்த 'ஷெவர்லே லவ்' உண்மையில் இஸூஸு வண்டி. 'லவ்' என்பது மூன்று ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்து. ஆனால் காதலை நினைவூட்டத்தான் அப்படி வைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஃபோர்டு விற்ற 'கூரியர்' மாஸ்டாவுடையது. கிரைஸ்லர் சிறிது தாமதித்து மிட்ஸுபிஷியிடம் போயிற்று. போட்டி போட்டி என்கிறோமே, அந்தப் போட்டியில் இரண்டு பக்கமும் ஓடியது ஒரே ஊர்க் குதிரைதான்!

அப்படியானால் 25 சதவிகித வரி என்ன ஆயிற்று? இங்கேதான் வக்கீல் மூளை வேலை செய்தது. முழு லாரிக்குத்தான் 25. பின்னால் தொட்டி இல்லாமல் வெறும் அடிச்சட்டமும் முன் அறையுமாக வந்தால் அது லாரி அல்ல, லாரியின் பாகம். அதற்கு வரி 4 சதவிகிதம். எனவே வண்டி தொட்டியில்லாமல் கப்பலில் வந்து இறங்கும். அமெரிக்க மண்ணைத் தொட்டதும் தொட்டியை வைத்து முடுக்கிவிடுவார்கள். டொயோட்டா இதற்கென்றே கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 1972 முதல் தொட்டி செய்தது. வட அமெரிக்காவில் அந்தக் கம்பெனியின் முதல் உற்பத்திச் சாலை அதுதான். அதாவது, ஜப்பானியர் அமெரிக்காவில் இரும்பு தட்டக் கற்றுக்கொண்டது இந்த வரியைத் தாண்டுவதற்காக.

இதைவிட வேடிக்கை ஸுபாரு கம்பெனியாரின் 'பிராட்' வண்டி. 1970-களின் கடைசியில் வந்தது. அதன் திறந்த தொட்டியில் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் ஆசனங்களைப் பொருத்தி, கீழே ஜமக்காளமும் விரித்துவிட்டார்கள். ஆசனம் இருப்பதால் பிரயாணிகள் வண்டி. பிரயாணிகள் வண்டிக்கு வரி மிகக் குறைவு. மழையிலும் காற்றிலும் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் யார் போவார்கள் என்று சுங்க இலாகா கேட்கவில்லை. கலிபோர்னியாவில் ரொனால்டு ரீகனுடைய பண்ணையில் அப்படி ஒரு வண்டி இருந்தது. அவர் பிற்பாடு ஜனாதிபதியானார்.

இந்தத் தமாஷ் 1980-ல் முடிந்தது. டெட்ராய்ட் கடைசியில் சொந்தமாகச் சிறு பிக்கப் செய்யத் தயாராகிவிட்டது. ஷெவர்லே 'எஸ்-10', ஃபோர்டு 'ரேஞ்சர்' இரண்டும் அடுத்த ஓரிரு வருஷத்தில் வந்தன. தொட்டியில்லாத லாரியும் லாரிதான் என்று சுங்க இலாகா தீர்ப்பை மாற்றிக்கொண்டது. அந்த ஆகஸ்ட் முதல் 25 சதவிகிதம் அமலாயிற்று. விருந்தாளி கொண்டுவந்த பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்தபின் வாசல் கதவைச் சாத்துவது போல் எனக்குப் படுகிறது. பொருளாதார நிபுணர்கள் வேறு விதமாகச் சொல்லலாம்.

அந்த வருஷங்களில் டெட்ராய்ட் நகரம் இருந்த நிலைமையையும் நினைக்க வேண்டும். லட்சக்கணக்கான தொழிலாளிகளுக்கு வேலை போயிற்று. இருபது வருஷம் ஒரே பட்டறையில் உழைத்தவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஜப்பானியக் கார்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குவது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 1982 ஜூன் மாதத்தில் வின்ஸென்ட் சின் என்ற 27 வயது வாலிபன் ஒரு மதுக்கூடத்துக்குப் போனான். அவனுக்குக் கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தன. அங்கே மோட்டார்த் தொழிலைச் சேர்ந்த இரண்டு வெள்ளையரோடு தகராறு. அவர்களில் ஒருவர் கிரைஸ்லரில் மேஸ்திரி. மற்றவர் அவருடைய மாற்றுப் பிள்ளை, வேலை இழந்தவர். உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று என்று அவர்கள் வைததாகச் சாட்சி உண்டு. தெருவில் துரத்திப்போய்ப் பந்தாட்ட மட்டையால் மண்டையில் அடித்தார்கள். நாலு நாளில் அவன் இறந்துபோனான். அவன் ஜப்பானியன் அல்ல. சீன வம்சத்து அமெரிக்கன். கொன்றவர்களுக்கு நீதிபதி கொடுத்த தண்டனை சிறைவாசம் அல்ல. ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும். பிறகு மத்திய சர்க்கார் போட்ட வழக்கும் 1987-ல் விடுதலையில் முடிந்தது. அவன் தாயார் அதே வருஷம் சீனாவுக்குத் திரும்பிவிட்டார். வரிகளையும் சதவிகிதங்களையும் குறித்துக்கொண்டே வந்த நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன்.

வாசல் கதவைச் சாத்தினால் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடுவது என்று ஜப்பானியர் தீர்மானித்தார்கள். நிஸ்ஸான் டென்னஸி மாகாணத்தில் ஸ்மிர்னா என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தது. தொழிற்சாலையை நடத்த அமர்த்தியது யாரை? ஃபோர்டு கம்பெனியிலிருந்து வந்த மார்வின் ரன்யன் என்பவரை! 1983 ஜூன் 16-ஆம் தேதி அங்கே முதல் வண்டி வெளிவந்தது. கார் அல்ல, பிக்கப். மோட்டார்த் தொழிலாளர் சங்கம் உள்ளே நுழைய மிகவும் பாடுபட்டது. 1989-ல் ஓட்டெடுத்தபோது ஸ்மிர்னா தொழிலாளிகள் இரண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கில் சங்கம் வேண்டாம் என்றார்கள். 1963-ல் ரூதர் கேட்டு வாங்கிய வரி அவருடைய சங்கத்துக்கே இப்படிப் பலன் தந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1970-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

டொயோட்டாவும் பின்னால் கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டாக நடத்திய ஆலையில் பிக்கப் செய்தது. சிறு வண்டிகளில் ஜப்பானியர் கை ஓங்கியது. டொயோட்டாவின் 'டகோமா' ராஜ்யத்தில் ஃபோர்டு 2011-ல் ரேஞ்சரை அமெரிக்காவில் நிறுத்திவிட்டு, எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

பெரிய பிக்கப் கதை வேறு. அது டெட்ராய்ட்டின் கோட்டை. டொயோட்டா 1990-களில் கொண்டுவந்த 'டி-100' வண்டியைப் பார்த்து, 'இது பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல' என்று ஜனங்கள் கைவிட்டார்கள். அடுத்த வண்டிக்கு 'டி-150' என்று பெயர் வைக்கப் பார்த்தபோது, தங்கள் 'எஃப்-150' போல் ஒலிக்கிறதே என்று ஃபோர்டு ஆட்சேபித்தது. 'டுண்ட்ரா' என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு பிக்கப்பின் சொந்த மண்ணான டெக்ஸாஸில், ஸான் அன்டோனியோ நகரில், 2006-ல் ஆலை திறந்தார்கள். 2007-ல் இரண்டு லட்சம் வண்டி விற்பது என்று சங்கற்பம். சுமார் 1,96,000 விற்றது. அடுத்த வருஷமே பெட்ரோல் விலை ஏறி, அந்த ஆலை மூன்று மாதம் டுண்ட்ரா செய்வதை நிறுத்தவேண்டியதாயிற்று. நிறுத்தினார்களே தவிரத் தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுத்தார்கள். நிஸ்ஸானின் 'டைட்டன்' இருபது வருஷம் முட்டி மோதி 2024-ல் கண்ணை மூடியது.

மாவுக்கும் பசைக்கும் பிராந்திக்கும் போட்ட வரியை அமெரிக்கா எப்போதோ எடுத்துவிட்டது. லாரி வரியை மட்டும் எடுக்கவில்லை. அதனிடம் கடைசியாக வசமாக மாட்டிக்கொண்டவர்கள் ஜப்பானியர் அல்ல, ஃபோர்டு கம்பெனியார்தான். 2009 முதல் துருக்கியில் செய்த சிறு சரக்கு வேன்களை அவர்கள் பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கினார்கள். வரும்போது பின் ஆசனமும் ஜன்னல் கண்ணாடியும் இருக்கும். எனவே பிரயாணிகள் வண்டி. சுங்கம் கடந்ததும் ஆசனத்தைக் கழற்றித் துண்டு துண்டாக்குவார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் தகடு அடிப்பார்கள். ஸுபாருவின் ஜமக்காள வித்தையேதான். சுங்க இலாகா வழக்குப் போட்டு, மேல்கோர்ட்டு வரை போய், 2024 மார்ச்சில் ஃபோர்டு 36 கோடியே 50 லட்சம் டாலர் கட்டுவதாக ஒப்புக்கொண்டு ராஜியாயிற்று. 1963-ல் கோழி நஷ்டம் என்று கணக்கிட்டது 2 கோடியே 60 லட்சம்.