விரிவுரை மண்டபத்தில் முதல் நாள்: புதிய விரிவுரையாளரை ஆற்றுப்படுத்துவது யார்?

நமது நாட்டில் ஆரம்ப வகுப்புக்குக் கற்பிக்க வரும் ஆசிரியை ஒருவர் தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்று, மேலும் ஓராண்டு பாடசாலையொன்றில் உள்ளகப் பயிற்சி பெற்ற பின்னரே நியமனம் பெறுவது நெடுங்காலமாக இருந்துவரும் ஒழுங்காகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பதற்கு இவ்வளவு முன்னேற்பாடு தேவை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், இருபது வயதைக் கடந்த முந்நூறு இளைஞர் யுவதிகள் அமர்ந்திருக்கும் மண்டபத்தினுள் விரிவுரையாளராக முதன்முதலில் நுழைபவரிடம் கற்பித்தல் பற்றிய முன்பயிற்சி எதனையும் எவரும் கோருவதில்லை. முதல் வகுப்புச் சித்தியுடன் சிறப்புப் பட்டம் பெற்றிருந்தால் அதுவே போதுமானதாகக் கொள்ளப்படுகின்றது.

பாடத்தை நன்கு கற்றவர் அதனை நன்கு கற்பிப்பார் என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய எண்ணம். அது ஓரளவு உண்மையும்கூட. எனினும் புதியவர் எதிர்கொள்ளும் வேலைகளிற் பெரும்பாலானவை அவர் கற்ற பாடத்தோடு தொடர்பற்றவை. பாடத்திட்டத்தைப் பதினைந்து வாரங்களுக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். வினாத்தாள் தயாரித்து அதற்கான புள்ளித்திட்டத்தையும் எழுத வேண்டும். இரண்டாம் பரீட்சகர் வழங்கிய புள்ளிக்கும் தமது புள்ளிக்கும் பெரிய வேறுபாடு ஏற்படும்போது என்ன செய்வது என அறிந்திருக்க வேண்டும். மாணவர் ஒருவர் பிறருடைய கட்டுரையைப் பிரதி செய்து சமர்ப்பித்தால் அதனை எந்த ஒழுங்குவிதியின் கீழ், யாரிடம் முறையிடுவது என்பதும் தெரிய வேண்டும். இவை எந்தப் பட்டப் பாடநெறியிலும் கற்பிக்கப்படுவன அல்ல.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. பெரும்பாலான துறைகள் தமது சொந்தப் பட்டதாரிகளையே ஆட்சேர்ப்புச் செய்கின்றன. கடந்த ஆண்டு பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தவர் இவ்வாண்டு துறைக் கூட்டத்தில் தமது ஆசிரியர்களின் அருகில் அமர்கின்றார். ‘சேர்’ என்றும் ‘மடம்’ என்றும் அழைத்துப் பழகியவர்களிடம் போய், எனக்கு இது தெரியவில்லை என்று கேட்பது எளிதன்று. கேட்டால், முதல் வகுப்புப் பெற்றவருக்கு இதுகூடத் தெரியாதா என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம். ஆகவே கேட்காமலேயே காலம் கடக்கின்றது. தாம் மாணவராக இருந்தபோது விரிவுரைகள் எவ்வாறு நடத்தப்பட்டனவோ அவ்வாறே தாமும் நடத்தத் தொடங்குகின்றார். இக்கட்டுரையாளரின் மாணவப் பருவத்தில் விரிவுரையாளர் ஒருவர் பழுப்பேறிய குறிப்புத் தாள்களை வாசிக்க, நாங்கள் எழுதிக்கொள்வோம். பல ஆண்டுகளின் பின்னர் அவருடைய மாணவர் ஒருவர் அதே மண்டபத்தில் அவ்வாறே வாசித்துக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டோம். தாள் மட்டும் புதிதாம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் சேர் ஐவர் ஜெனிங்ஸை முதல் உபவேந்தராகக் கொண்டு ஆரம்பமானபோது மாணவர் தொகை ஆயிரத்துக்கும் குறைவாகவே இருந்தது. பின்னர் பேராதனையில் விடுதி வாழ்க்கையோடு இணைந்த பல்கலைக்கழகமாக அது வளர்ந்தபோதும் இளம் உதவி விரிவுரையாளர் ஒருவர் மூத்தவர்களின் நிழலிலேயே வளர்ந்தார். சிறு குழு வகுப்புகளை நடத்தி, பேராசிரியரின் விரிவுரையைக் கேட்டு, தேநீர் வேளை உரையாடல்களில் நெளிவு சுளிவுகளை அறிந்துகொண்டார். அதனை எவரும் பயிற்சி என்று பெயரிட்டழைக்கவில்லை. ஆயினும் அது பயிற்சியே. இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆண்டுதோறும் 40,000 க்கும் மேற்பட்டோர் அனுமதிக்கப்படுகின்றனர். பேராசிரியர் நிர்வாகக் கூட்டங்களில் இருக்கின்றார், புதியவர் விரிவுரை மண்டபத்தில் இருக்கின்றார். இருவரும் சந்திக்கும் தேநீர் வேளை சுருங்கிவிட்டது.

இவ்விடைவெளியை நிறுவன ரீதியாக நிரப்பும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் அபிவிருத்தி நிலையத்தோடு உருப்பெற்றது. உயர்கல்வியில் கற்பித்தலுக்கான சான்றிதழ் நெறி அங்கு ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின. உலகின் போக்கும் அக்காலத்தில் அதுவாகவே இருந்தது. பிரித்தானியாவில் 1997 இல் வெளியான டியரிங் அறிக்கை, புதிதாகக் கற்பிக்க வருவோர் அனைவருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வேண்டும் என விதந்துரைத்தது. இந்தியா இவ்விடயத்தில் முந்திக்கொண்டது எனலாம். 1986 ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையைத் தொடர்ந்து அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு கல்விசார் பணியாளர் கல்லூரிகளை நிறுவி, புதிய விரிவுரையாளர்களுக்கு நான்கு வாரத் திசைமுகப்படுத்தல் நெறிகளை நடத்தியது. அக்கல்லூரிகள் பெயர்கள் பல மாறி இன்றும் இயங்குகின்றன. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவை என்பதற்காகவே பலர் வந்து அமர்ந்திருந்தனர் என்ற குறையும் அங்கு தொடர்ந்து கேட்டது.

நமது நாட்டின் நிலையும் அதுவே. தகுதிகாண் விரிவுரையாளரின் நியமனம் உறுதிப்படுத்தப்படுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நெறியொன்றைப் பூர்த்தி செய்திருத்தல் நிபந்தனையாகும். இந்நெறிகளை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ பீடத்தவரும் கலைப் பீடத்தவரும் விவசாய பீடத்தவரும் ஒரே அறையில் அமர்ந்து ஒருவர் கற்பிப்பதை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பதில்லை. தமது கற்பித்தல் அனுபவங்களைத் தாமே எழுதித் தொகுத்து, எங்கே தவறினோம் எனச் சிந்திக்கும் பழக்கமும் அங்குதான் பலருக்கு ஏற்படுகின்றது.

குறை நெறியில் அன்று, அது வந்துசேரும் காலத்தில் உள்ளது. நெறி ஆரம்பமாவதற்குப் போதிய எண்ணிக்கையானோர் சேரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் ஒரு பருவமோ இரு பருவங்களோ கழிந்துவிடுகின்றன. வினாத்தாள் தயாரிப்பது எப்படி எனக் கற்கும்போது அவர் ஏற்கெனவே இரண்டு வினாத்தாள்களைத் தயாரித்து, அவற்றுக்குப் புள்ளியும் இட்டு, சில மாணவர்களைச் சித்தியடையாதவர்கள் எனத் தீர்மானித்தும் இருப்பார். அம்மாணவர்களுக்கு அந்த நெறியால் என்ன பயன்?

2015 இல் வெளியிடப்பட்ட தரமதிப்பீட்டுக் கைந்நூல்கள், புதிய பணியாளர்கள் இயன்றவரை விரைவாகத் திசைமுகப்படுத்தப்பட வேண்டும் என்பதைத் தரநியமங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன. இதன் பின்னர் நிகழ்ச்சிகள் கூடியுள்ளன என்பது உண்மையே. ஆனால் மதிப்பீட்டுக் குழுவினர் சான்று கேட்பார்கள் என்பதால், அரைநாள் நிகழ்ச்சி ஒன்றை நடத்தி, மங்கல விளக்கேற்றி, உபவேந்தரும் பதிவாளரும் உரையாற்றி, வரவுப் பதிவேட்டையும் புகைப்படங்களையும் கோவையில் இடுவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் போக்கும் கூடவே வளர்ந்துள்ளது.

முதல் வாரங்களில் புதியவருக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் சிறியவை. வேதனப் பட்டியல் எந்தக் கிளையில் தயாராகின்றது, பல்கலைக்கழக சேமலாப நிதிக்கான படிவம் யாரிடம் கையளிக்கப்பட வேண்டும், நூலகத்தின் இணையச் சஞ்சிகைகளை வீட்டிலிருந்து பார்ப்பது எப்படி, வெளியூரிலிருந்து வருபவருக்குத் தங்குமிடம் உண்டா என்பன போன்றவை. தனித்தனியே பார்த்தால் அற்பமானவை. ஆயினும் இவற்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைபவருக்கு விரிவுரை தயாரிக்க எங்கே நேரம்?

சிறியதல்லாத விடயமும் ஒன்றுண்டு. தகுதிகாண் விரிவுரையாளர் குறித்த காலத்துக்குள் பட்டப்பின் தகுதியைப் பெற்றாக வேண்டும். அதற்கெனச் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறை வழங்கப்படுகின்றது. பதிலுக்கு, திரும்பி வந்து சேவையாற்றுவேன் எனப் பிணைமுறியில் ஒப்பமிட வேண்டும். திரும்பி வராவிடின் அல்லது வந்தபின் இடையில் விலகினால் பணத்தைச் செலுத்த வேண்டும். அவர் செலுத்தத் தவறினால் பிணை நின்றவர்களின் கழுத்தில் சுமை விழும். பிணை நிற்பவர்கள் பெரும்பாலும் உறவினரும் சக விரிவுரையாளருமே. இருபத்தாறு வயதில் வெளிநாட்டு அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த மகிழ்ச்சியில் பிணைமுறியின் எல்லாப் பந்திகளையும் வாசிப்பவர் எத்தனை பேர்? நியமனம் பெற்ற முதல் மாதத்திலேயே இதனை நிதானமாக விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பல குடும்பங்களின் மனக்கசப்பைத் தவிர்த்திருக்கலாம்.

அந்த ஒருவர் துறைத்தலைவராக இருத்தல் ஆகாது என்பது எமது கருத்து. நியமனத்தை உறுதிப்படுத்தும்போது அறிக்கை எழுதுபவர் அவரே. தம்மை மதிப்பிடப்போகின்றவரிடம் தமது இயலாமையை எவரும் திறந்து சொல்லமாட்டார். வேறு துறையைச் சேர்ந்த, பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவரே இதற்குப் பொருத்தமானவர். மாதத்துக்கு இரு தடவை சந்திப்பதும், பருவத்துக்கு ஒருமுறை புதியவரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பதும், தமது வகுப்புக்குப் புதியவரை அழைப்பதும் போதுமானவை. அத்தோடு முதற் பருவத்தில் புதியவரின் கற்பித்தற் சுமையைக் குறைத்தல் அவசியம். நடைமுறையோ நேர்மாறானது. மூத்தவர்கள் ஏற்க விரும்பாத காலை எட்டு மணி வகுப்பும், பெருந்தொகை மாணவர்களுக்கான பொதுப்பாடமும் புதியவருக்கே வந்துசேர்கின்றன.

வடக்கு, கிழக்கைப் பொறுத்தவரை இப்பிரச்சினை இரட்டிப்புக் கனம் கொண்டது. 1974 இல் வளாகமாக ஆரம்பித்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 1981 இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் தரமுயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகமும் யுத்த ஆண்டுகளில் மூத்த கல்விமான்கள் பலரை இழந்தன. புலம்பெயர்ந்தவர்கள் போக எஞ்சியோர் இரட்டைச் சுமை சுமந்தனர். மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறும் தொழில் நுட்பங்களின் சங்கிலி அக்காலத்தில் அறுந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஒலுவிலில் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் அத்தகைய சங்கிலியைப் புதிதாகவே கோர்க்க வேண்டியிருந்தன. மூன்று நிரந்தர விரிவுரையாளர்கள் மட்டுமே உள்ள துறையில் ஒருவர் கல்வி விடுமுறையிற் சென்றால் மற்றவர் துறைத்தலைவர். எஞ்சும் புதியவரே முழுத் துறையும்!

மொழியும் ஒரு பிரச்சினையே. யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, ஒலுவில் ஆகிய எல்லா இடங்களிலும் இன்று சிங்கள மாணவர்கள் கற்கின்றனர். க.பொ.த. உயர்தரம் வரை தமிழில் கற்றோரும் சிங்களத்தில் கற்றோரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருக்க, தானும் தமிழ்மொழி மூலம் பள்ளிக்கல்வி பெற்ற இளம் விரிவுரையாளர் ஆங்கிலத்தில் விரிவுரை நிகழ்த்துகின்றார். எவருக்கும் அது தாய்மொழியன்று. வேகத்தை எங்கே குறைப்பது, எந்தக் கலைச்சொல்லை மூன்று மொழிகளிலும் கரும்பலகையில் எழுதுவது என்பன பழகித் தேர வேண்டியவை. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் வரவேற்பு நிகழ்வில் ஏற்பட்ட மோதலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய வேளைகளில் மாணவரிடையே முதலில் போய் நிற்க நேர்வதும் பெரும்பாலும் இளம் விரிவுரையாளருக்கே. ஜும்ஆ நேரத்தில் பரீட்சை வைக்கலாகாது, ரமழான் மாதத்து மாலை வகுப்பை நோன்பு திறக்கும் வேளைக்கு முன் முடிக்க வேண்டும், வெசாக்குக்கும் தைப்பொங்கலுக்கும் மறுநாள் தூர இடத்து மாணவர்களால் வந்துசேர இயலாது என்பனவும் திசைமுகப்படுத்தலின் பகுதிகளே.

தென்னிலங்கையிலும் மலையகத்திலும் உள்ள பல்கலைக்கழகங்களில் நியமனம் பெறும் தமிழ், முஸ்லிம் விரிவுரையாளர்களின் நிலை இதன் மறுபக்கம். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு கூறினாலும் நிர்வாகக் கடிதங்கள் சிங்களத்தில் வருவது வழமை. அவற்றை வாசிக்க நண்பரைத் தேடுவது அவர்களுடைய முதல் வாரத்து அனுபவங்களுள் ஒன்று.

வயதில் மாணவருக்கு நெருக்கமானவர் என்ற ஒரே காரணத்தினால் மாணவ ஆலோசகர் பொறுப்பும் புதியவர்களை நாடி வருகின்றது. 1997 இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையினால் உயிரிழந்ததன் பின்னர், 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டம் என்ன சொல்கின்றது, முறைப்பாட்டை எப்போது பொலிஸாரிடம் பாரப்படுத்துவது, தற்கொலை எண்ணத்தோடு வந்து நிற்கும் மாணவியை எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பன ஆலோசகருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். நல்லெண்ணம் மட்டும் இங்கே போதாது. இரவு பத்து மணிக்கு விடுதியிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும்போது சுற்றறிக்கையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2020 இல் கொவிட் தொற்றினால் வகுப்புகள் ஒரே இரவில் இணையத்துக்கு மாறியபோது வேடிக்கையான திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியர்களும் அன்று புதியவர்களாயினர். இளையவர்கள் அவர்களுக்கு சூம் வகுப்பையும் மூடில் தளத்தையும் பழக்கினர். கேட்பதில் கூச்சம் இல்லாமற்போனால் கற்றல் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின. பழைய நிலைக்குத் திரும்பியதும் கூச்சமும் திரும்பிவிட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்துப் பெருமளவிலான விரிவுரையாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். சம்பளமும் வரியுமே முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சியிருப்பவரைத் தக்கவைக்க வேறு வழிகளும் உண்டு என்பது ஆட்சேர்ப்பு விளம்பரங்களை மீண்டும் மீண்டும் பிரசுரிக்கும் நிர்வாகங்களின் கவனத்துக்கு உரியது.

இவ்வளவும் நிரந்தர நியமனம் பெற்றவர்களைப் பற்றியது. இவர்களுக்கும் கீழே ஒரு படிநிலை உண்டு. தற்காலிக உதவி விரிவுரையாளர்கள், போதனாசிரியர்கள், செய்முறை வகுப்புகளை நடத்தும் விளக்குநர்கள் ஆகியோர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வருகின்றனர். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் அதிக மணித்தியாலங்கள் முகம் பார்ப்பது பேராசிரியரை அல்ல, இவர்களைத்தான். சிறு குழு வகுப்பு, ஆய்வுகூடம், பரீட்சை மேற்பார்வை யாவும் இவர்கள் தலையில். உறுதிப்படுத்தப்பட வேண்டிய நியமனம் இவர்களுக்கு இல்லை. ஆகவே சான்றிதழ் நெறியும் இல்லை. ஆறு மணித்தியால அறிமுகப் பயிற்சிக்கு மண்டபமும் இரண்டு சிரேஷ்ட விரிவுரையாளர்களும் போதும், தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. புதிய மாணவர்களுக்கான வரவேற்பு வாரம் ஒவ்வோர் ஆண்டும் தவறாது நடக்கின்றது. அதற்கு முந்திய வாரத்தில் அந்த மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றது.